வாட்டர் டேங்குக்கு அப்புறம் பன் கம்பெனி

என் வீட்டுக்காரர் சம்பத்குமாருக்கு நாற்பத்தெட்டாவது வயதில் ஏடு தொடங்கினார்கள். விஜயதசமியன்று தட்டில் பச்சரிசியைப் பரப்பி, அவர் விரலைப் பிடித்து 'அ' எழுத வைத்தது அவருடைய அக்கா தேன்மொழி. எனக்கு நங்கை முறை. இருபத்திரண்டு வருடம் தபால்காரராக ஊரெல்லாம் முகவரி படித்த மனிதர், அரிசியில் 'அ' போட்டுவிட்டு, "அடுத்து என்னக்கா?" என்று கேட்டார். நங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சமையலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

நான் கோகிலவாணி. 47-பி டவுன் பஸ்ஸில் பத்தொன்பது வருடமாகக் கண்டக்டர். பஸ்ஸிலிருந்து டிரைவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது. அது தானாக ஓடும், தானாக நிற்கும். கண்டக்டரையும் எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தார்கள். மூன்றே நாள். பஸ்ஸின் நடுவில் இடம் காலியாகக் கிடக்க, வாசலில் அறுபது பேர் நின்றார்கள். ஆள் உள்ளே போகாமல் கதவு மூடாது, கதவு மூடாமல் பஸ் நகராது. 'தயவுசெய்து உள்ளே செல்லவும்' என்று ஸ்பீக்கர் சொன்னதை ஒருத்தரும் சட்டை செய்யவில்லை. நான்காம் நாள் எங்களைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஜனங்கள் திட்டினால்தான் நகர்வார்கள், மெஷினுக்குத் திட்ட வராது.

இவருக்குச் சின்ன வயதில், நாலிலிருந்து ஒன்பது வரைக்கும், வலிப்பு வந்துகொண்டிருந்ததாம். அப்புறம் தானாக நின்றுவிட்டது. கல்யாணத்தின்போது யாரும் இதை என்னிடம் மூச்சுவிடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. நாற்பத்தொன்றில் திரும்ப வந்தது. மாத்திரை மாற்றி மாத்திரை கொடுத்தும் நிற்கவில்லை. பெரிதாக ஒன்று வந்துபோகும் போதெல்லாம் ஊரில் ஒரு தெரு அவருக்குக் காணாமல் போயிற்று. கண்ணைக் கட்டிவிட்டாலும் கடிதத்தைச் சரியான வீட்டில் போடக்கூடியவர், கையில் தபால் கட்டோடு முச்சந்தியில் நின்றார். ஆபீஸில் நீண்ட லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

போன வருடம் தை மாதம் கடைக்குப் போனவர் எங்கள் வாசலைத் தாண்டி, நாலு வீடு தள்ளிப் போய் மணியடித்து, "வாணி இருக்காளா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டுப் பெண் எனக்கு ஃபோன் பண்ணியபோது பஸ்ஸில் பள்ளிக்கூடக் கூட்டம். சிரித்துக்கொண்டே பேசி முடித்துவிட்டு, கடைசி சீட்டில் போய் உட்கார்ந்து அழுதேன். தெரு போயிற்று, வாசல் போயிற்று, அடுத்து என் முகம்தானே என்று எனக்குப் பயமாக இருந்தது.

வழி சொல்லும் வாட்ச் ஒன்று வாங்கிக் கட்டிவிட்டேன். அது 'இடப்பக்கம் திரும்பவும்' என்று சொன்னால் இவர் நின்று அதோடு வாதம் பண்ணினார். "எனக்கே அட்ரஸ் சொல்றியா நீ?" என்று மணிக்கட்டைப் பார்த்துக் கேட்பதை ரோட்டில் நாலு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

டாக்டர் ஹெப்சிபாவிடம் போனது அதற்குப் பிறகுதான். நங்கையும் கூட வந்தார். தம்பி விஷயத்தில் என்னைத் தனியாக நம்புகிற வழக்கம் அவருக்கு இல்லை.

டாக்டர் இவர் மூளையின் ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டுவிட்டு நிதானமாகப் பேசினார். "குழந்தை மூளைக்கு வலிப்பு சுலபமா வந்துரும். பெரியவங்களுக்கு அவ்வளவு சுலபமா வராது. ஆனா வந்தா, ரெண்டு பேருக்கும் ஆகிற சேதம் வேற வேற."

"எப்படிங்க?" என்றேன்.

"பெரியவங்க மூளை கட்டி முடிச்ச வீடு. பெரிய வலிப்பா திரும்பத் திரும்ப வந்தா செங்கல் விழும். செல் சாகும். இவருக்கு விழறது வழியையும் ஞாபகத்தையும் வச்சிருக்கிற மூலையில. குழந்தை மூளை இன்னும் கட்டிக்கிட்டே இருக்கிற வீடு. அங்க செங்கல் அவ்வளவா விழாது. ஆனா கொத்தனார் கை ஆடிரும். ஆடின சுவர் மேலேயே அடுத்த சுவரையும் எழுப்பிட்டுப் போயிருவார். வீடு நிக்கும், ஜன்னல் கோணலா இருக்கும்."

"அப்ப கொழந்தைக்கு வந்தாப் பரவால்லைங்களா?" என்று நங்கை கேட்டார்.

"யாரு சொன்னா? படிப்புல, ஞாபகத்துல, குணத்துல, எதுல வேணா அந்தக் கோணல் தெரியலாம். செல் சாகலைங்கறதுனால சேதமே இல்லைன்னு அர்த்தமில்ல. இவருக்குச் சின்ன வயசுக் கோணல் ஏதாவது இருக்கா?"

"ஒண்ணும் கெடையாதுங்க. தங்கமான பையன்," என்றார் நங்கை.

அந்த நேரம் பார்த்து இவர் சட்டைப் பையில் கலகலவென்று சத்தம் கேட்டது. பயம் வந்தால் இவர் கை தானாகப் பைக்குள் போய்விடும். உள்ளே ஒரு வளையத்தில் ஒன்பது இரும்புச் சாவிகள். எந்தப் பூட்டுக்கும் சேராதவை. கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேன், தூங்கும்போதும் தலையணைக்கு அடியில் இருக்கும். டாக்டர் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. சின்ன வயதில் வலிப்பு வரும்போதெல்லாம் என் மாமியார் இரும்புச் சாவியைக் கையில் திணித்துப் பிடித்துக்கொள்வாராம்.

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "இரும்பு குடுத்து எந்த வலிப்பும் நின்னதில்லம்மா. அது தானா நிக்கும், பேர் சாவிக்குப் போகும். கையில எதையும் திணிக்கக் கூடாது, வாயில எதையும் வைக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்க வச்சிட்டு நேரத்தைப் பாக்கணும். அஞ்சு நிமிஷம் தாண்டினா ஆம்புலன்ஸ்." பிறகு கொஞ்சம் இறங்கிவந்து, "ஆனா பாருங்க, அப்ப கையில வச்ச சாவியை இன்னும் இவர் விடல. குழந்தை மூளைங்கறதால அது ஒட்டிருச்சு. இப்ப குடுத்தா ஒட்டாது," என்றார்.

அதன் பிறகுதான் மருந்தைப் பற்றிச் சொன்னார். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'இளக்கி' என்றார்கள். வாரம் ஒரு ஊசி, ஏழு வாரம். அதுவரைக்கும் இவர் மூளை ஐந்து வயது மூளை மாதிரி இளகி இருக்கும். வலிப்பு கிளம்புகிற இடத்தைச் சுற்றிக்கொண்டு அதுவே புது வழி போட்டுக்கொள்ளும்.

"அந்த ஏழு வாரத்துல வலிப்பு கூடுதலாத்தான் வரும், பயப்படாதீங்க. செங்கல் விழாது. ஆனா அந்த நேரத்துல சுத்தி என்ன நடக்குதோ அது கலந்து கட்டிரும். எது ஒட்டும்னு எங்களாலயும் சொல்ல முடியாது. அதனால வீடு அமைதியா இருக்கணும். ஏழு வாரம் முடிஞ்சா வாசல் மூடிரும். அப்புறம் ஒட்டினது ஒட்டினதுதான்."

"போன தெருவெல்லாம் திரும்ப வருங்களா?" என்று இவர் கேட்டார். அன்றைக்கு அவர் கேட்ட ஒரே கேள்வி.

"வராது சார். செத்த செல் வராது. இனிமே சாகாமப் பாத்துக்கலாம்."

இவர் தலையாட்டினார். சாவி சத்தம் நிற்கவில்லை.

வெளியே வந்ததும் நங்கை கணக்குப் போட்டார். "ஏழு வாரம்னா நாப்பத்தொம்பது நாளு. ஒரு மண்டலத்துக்கு ஒரு நாளு சேத்தி. வாணி, நாம வெரதம் இருக்கோணும்." அவர் காதில் விழுந்தது இன்னொன்று. தம்பி மறுபடியும் ஐந்து வயதுப் பிள்ளை. எது சொன்னாலும் பதியும். இருபது வருடத்துக்கு முன்னால் நான் தன்னிடமிருந்து பிரித்துவிட்டதாக அவர் நினைக்கிற தம்பியைத் திரும்ப வளர்த்து எடுக்க ஆண்டவன் கொடுத்த ஏழு வாரம்.

அப்படித்தான் அரிசித் தட்டு வந்தது. எழுத்தோடு நிற்கவில்லை. பஸ் ரூட்டின் அந்தக் கோடியில், மில் கேட்டில் இருக்கும் தன் வீட்டிலிருந்து தினமும் காலையில் வந்து, இவர் எதிரில் உட்கார்ந்து, "கண்ணு, வாரா வாரம் ஞாயித்துக்கெழம அக்கா வூட்டுக்கு வரோணும். எங்க, நீயே சொல்லு பாக்கலாம்," என்று பாடம் எடுத்தார். இவரும் சொன்னார்.

நானும் யோக்கியமில்லை. குளித்துவிட்டு ஈரத்துண்டைக் கட்டில்மேல் போடுவது இவருடைய இருபது வருடப் பழக்கம். நான் சொல்லாத நாள் இல்லை. இப்போது வாய்ப்பு கிடைத்திருக்கிறது, விடுவேனா? டியூட்டிக்குப் போகுமுன் துண்டையும் அவரையும் கொடிக்கு முன்னால் நிறுத்தி, "இது துண்டு. இது கொடி. துண்டு கொடிக்குப் போகும்," என்று இருபது நிமிடம் நடத்தினேன். இவர் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "புரிஞ்சுதுங்க டீச்சர்," என்றார்.

டாக்டர் சொன்னபடியே வலிப்பு கூடியது. ஏழு வாரத்தில் பதினாலு தடவை. வீட்டில் அமைதியாக இருக்கச் சொன்னார் இல்லையா, என்னால் அது மட்டும் முடியவில்லை. இதை நான் அப்போது டாக்டரிடம் சொல்லவே இல்லை.

வலிப்பு திரும்ப வந்த முதல் வருடம் நேரம் பார்க்கக் கடிகாரத்தைத் தேடி ஓடி, இவரைத் தனியே விட்டுவிட்டேன். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்த கடிகாரத்தையே வைத்துக்கொண்டேன். இவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலையை என் மடியோரம் தாங்கிக்கொண்டு, 47-பி-யின் ஸ்டாப்புகளை வரிசையாகச் சொல்வேன். மனசுக்குள் இல்லை, வாய்விட்டு, பஸ்ஸில் சொல்கிற அதே குரலில். எனக்கு வேறு குரல் வராது. "மில் கேட், மில் கேட் எறங்குங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க. ரைட்." ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் இறங்க, ஏற, திட்ட, ரைட் கொடுக்க என்று முழுசாகச் சொன்னால் எட்டாவது ஸ்டாப்பான செங்காட்டுப் பிரிவு வரும்போது சரியாக ஐந்து நிமிடம். அங்கேதான் எங்கள் வீடு. அதற்குள் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸ். பெரும்பாலும் பாதி வழியிலேயே நின்றுவிடும். ஆனாலும் அவர் கண் விழிக்கிறவரைக்கும் மீதி ஸ்டாப்புகளையும் சொல்லி, வீடுவரைக்கும் கொண்டுவந்து சேர்ப்பேன். பாதியில் இறக்கிவிட்டு வருவது என் வழக்கமில்லை.

ஒரு தடவை நங்கை இருக்கும்போதே வந்தது. அவர் முந்தானையிலிருந்து புதிதாக ஒரு இரும்புச் சாவியை அவிழ்த்தார். "ஏற்கெனவே ஒம்பது இருக்குதுங்க நங்கை, பத்தாவது எதுக்கு? காளியம்மன் கோயில், கோயில் எறங்கறவங்கெல்லாம் முன்னாடி வாங்க," என்றேன். அவர் பயந்துபோய் ஓரடி முன்னால் வந்தார்.

ஏழு வாரம் முடிந்தது. வாசல் மூடியது. பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் பார்த்தோம். வலிப்பு வரவேயில்லை. டாக்டருக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் துண்டு கட்டில்மேல் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் இவர் அக்கா வீட்டை நினைக்கக்கூட இல்லை. "கொழந்தை மூளைன்னு சொன்னீங்களே, ஒண்ணுமே ஏறலைங்களே டாக்டர்?" என்று நங்கை நேராகவே கேட்டுவிட்டார்.

"குழந்தைக்குச் சொல்லிக் குடுத்தா ஏறும்னு யாரும்மா சொன்னா? உங்களுக்குப் பிள்ளைங்க இருக்குல்ல?" என்றார் டாக்டர்.

போன தெருக்களும் வரவில்லை. மூன்றாவது தெருமுனையைத் தாண்டினால் இவர் கை சட்டைப் பைக்குள் போனது. ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டில் போகிற தபால் வண்டியைப் பார்ப்பார். வலிப்பு நின்றுபோன மனிதரை வீட்டுக்குள் பூட்டி வைத்தா காப்பாற்றுவது?

மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு டியூட்டி. தம்பி வராவிட்டால் என்ன, நானே கூட்டிப்போகிறேன் என்று நங்கை வந்து, ஆட்டோவில் மில் கேட்டுக்கு அழைத்துப் போனார். சாப்பாடு போட்டார். வாட்சைக் கழற்றிச் சார்ஜில் போட்டார். வெற்றிலை வாங்கக் கடைவரை போய் வந்தார். வந்து பார்த்தால் தம்பியைக் காணோம். வாட்ச் மட்டும் அலமாரியில் இருந்து, 'நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள்' என்று சொல்லிக்கொண்டிருந்ததாம்.

ஃபோனில் நங்கை அழுத அழுகையில் எனக்குத் திட்டக்கூட வரவில்லை. பஸ்ஸில் ஜன்னல் ஜன்னலாக ஓடி இரண்டு பக்கமும் ரோட்டைப் பார்த்தேன். பயணிகளும் பார்த்தார்கள். "பச்சைச் சட்டை, ஒசரமா, பாக்கெட்டைப் புடிச்சுட்டு நிப்பாரு," என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் இறங்குகிறவர்களிடம் சொல்லி அனுப்பினேன். ஒரு தடவை போய், ஒரு தடவை திரும்பினேன். எங்கேயும் இல்லை. வெயில் இறங்கியது. ஷிப்ட் மாற்றிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். வாசலில் நங்கை உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "என்ற தம்பியத் தொலச்சுப்போட்டேன் வாணி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். இருபது வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அன்றைக்குத்தான்.

அந்தி விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தெருமுனையில் பச்சைச் சட்டை தெரிந்தது. ஒரு கை பைக்குள், இன்னொரு கையில் காகிதப் பொட்டலம். நேராக வந்தார். நாலு வீடு தள்ளிப் போகவில்லை, எங்கள் வாசலுக்கே வந்தார்.

"எங்கீங்க மாமா போனீங்க? மூணு மணி நேரமா?"

"நீ சொன்ன வழியிலதான் வந்தேன்."

"நான் எப்பச் சொன்னேன்?"

"அது தெரியல. அக்கா வூட்டு வாசல்ல நின்னேன். பயமா இருந்துச்சு, சாவியப் புடிச்சேன். உன்ற கொரல் கேட்டுச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, வாயைத் திறந்தார். "மில் கேட், மில் கேட் எறங்குங்க. படியில நிக்காதீங்க, உள்ள போங்க. ரைட்."

என் குரல். என் இழுப்பு. 'ரைட்'டில் டகரத்தைப் பாதி முழுங்குவதுகூட அப்படியே. ஏழு வருடம் அவர் காதருகே இதையே சொல்லியிருக்கிறேன், ஒரு சொல் ஒட்டியதில்லை. அந்தப் பதினாலு தடவை ஒட்டிவிட்டது. நினைவே இல்லாமல் கிடந்தபோது எப்படிக் கேட்டார் என்று எனக்கு இன்றுவரைக்கும் விளங்கவில்லை.

"காளியம்மன் கோயில் சொன்னே, வந்தேன். அப்புறம் வாட்டர் டேங்க், வந்தேன். அதுக்கப்புறம் பன் கம்பெனி. அது மட்டும் பின்னாடி இருந்துச்சு. திரும்ப நடந்து போனேன், உள்ள ஒக்கார வச்சு பன் குடுத்தாங்க. அதான் லேட்டு."

"பன் கம்பெனி வாட்டர் டேங்குக்கு முன்னாடிதானுங்க. பத்தொம்பது வருசமாப் போயிட்டிருக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"நீதான் அப்படிச் சொன்னே."

சொல்லிப் பார்த்தேன், உள்ளுக்குள். இரண்டாவது நிமிடம். அங்கேதான் இவர் உதடு நீலம் பாய்கிற இடம். அந்த இடத்தில் எனக்கு மூச்சு நிற்கும், நாக்கு குழறும். வாட்டர் டேங்க், அப்புறம் பன் கம்பெனி. பதினாலு தடவையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். நான் தேடிக்கொண்டு போனபோது இவர் என்னுடைய தப்பைத் திருத்தமாக நடந்துகொண்டிருந்தார்.

இவர் விடவில்லை. ஈபி ஆபீஸ், ரயில்வே கேட், சந்தைக்கடை எல்லாம் சொல்லி முடித்து, நங்கையை வைத்துக்கொண்டு, என் குரலில் கடைசி ஸ்டாப்பையும் சொன்னார். "செங்காட்டுப் பிரிவு வந்துருச்சுங்க மாமா. எந்திரிச்சு வாங்க. நான் இங்கயேதான் இருக்கறேன், எங்கயும் போகல."

அது யாருக்கும் கேட்காது என்று நினைத்துச் சொன்னது. விழித்திருக்கிற மனிதரிடம் நான் அப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. நங்கை தலையைக் குனிந்துகொண்டு, "நான் அடுப்புல டீ வெக்கறேன்," என்று உள்ளே போனார்.

மறுநாள் எல்லாவற்றையும் டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை. செத்த செல்லில் இருந்த வழி வரவில்லை, இளகிய இடத்தில் நான் புதிதாக ஒரு வழி கட்டிவிட்டேன் என்றார்.

"அந்த ஒரு ஸ்டாப்பை மட்டும் சரி பண்ண முடியுங்களா?"

"வாசல் மூடியாச்சும்மா. ஜன்னல் கோணல்தான்."

சித்திரையில் இவரைத் தபால் ஆபீஸில் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். தபால் கொண்டுவரும் ட்ரோனிடம் கையெழுத்துப் போட மறுக்கிறவர்கள் ஊரில் இன்னும் நிறைய இருக்கிறார்கள், அவர்களுக்கு ஆள் வேண்டும். 47-பி போகிற ரோட்டில் இருக்கிற வீடுகள் மட்டும், மில் கேட்டிலிருந்து நடை. காலையில் நானே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் மில் கேட்டில் இறக்கிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே கொண்டுபோய் நங்கை வீட்டில் விடுகிறேன். அங்கிருந்து வீடுவரைக்கும் ஒரு வாசல் தவறாமல் தானே வந்துவிடுகிறார். பன் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தபால் வாட்டர் டேங்குக்குப் பிறகுதான் கிடைக்கும். முதலில் புகார் சொன்னார்கள். இப்போது அவர் திரும்பி வருகிற நேரத்துக்கு அடுப்பிலிருந்து ஒன்று எடுத்து வைக்கிறார்கள்.

டியூட்டி முடிந்து வீட்டுக்கு வந்தால் கட்டில்மேல் ஈரத்துண்டு கிடக்கிறது, பக்கத்தில் காகிதத்தில் சுற்றிய பன் இருக்கிறது. துண்டை எடுத்துக் கொடியில் போட்டுவிட்டு, பன்னைப் பிட்டு அவருக்குப் பாதி கொடுக்கிறேன்.